ஒரு சதுர கிலோமீட்டரை ஆறு ஆண்டுகள் அளந்த அனுபவம்

மூன்றாவது சுற்று அளவு போன மாதம்தான் முடிந்தது. 2019, 2022, 2025 என மூன்று முறை அதே ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தைச் சுற்றி வந்திருக்கிறேன். வயல், தரிசு, புல்தரை, புதர், ஓடை, ஒரு குளம், இவற்றுக்கு நடுவே உயிர்வேலிகள். எனக்கே நம்பிக்கை வரும்படியான கணக்கு இப்போதுதான் கையில் இருக்கிறது. புல்தரையில் ஏறத்தாழ ஆறரை ஹெக்டேர் போயிருக்கிறது. உயிர்வேலியில் 760 மீட்டர் குறைந்திருக்கிறது. இந்த இரண்டு வரிக்கு ஆறு ஆண்டு ஆனது. அதில் பெரும்பகுதி, நிலத்தில் நடக்காத மாற்றத்தை நடந்ததாக நினைத்துத் துரத்தியதில் போனது. அந்தத் தவறுகளையும் வரிசையாக எழுதுகிறேன். இதே வேலையைத் தொடங்க நினைப்பவருக்கு அவைதான் அதிகம் உதவும்.

ஓடையை ஒட்டி இருந்த ஒரு உயிர்வேலி காணாமல் போனதுதான் ஆரம்பம். எப்போது போனது என்று விசாரித்தேன். ஒருவர் போன வருஷம் என்றார். இன்னொருவர், அங்கே பத்து வருஷமாகவே வேலி இல்லையே என்றார். இருவருமே தினமும் அந்த வழியாக நடப்பவர்கள். கண்ணெதிரே மாறுகிற நிலம் மனசில் அப்படியே பதிவதில்லை, எழுதி வைத்தால்தான் உண்டு என்று அன்று பட்டது.

முதல் சுற்று, 2019

கட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒன்றைச் சரியாகச் செய்தேன், ஒன்றைத் தவறாகச் செய்தேன். சரியாகச் செய்தது: கட்டத்தின் நான்கு மூலைகளையும் யூடிஎம் (பூமியின் மேல் மீட்டர் கணக்கில் கட்டம் போடும் முறை) ஆயத்தொலைவில் முழு ஆயிரத்தில் முடியும் எண்களாக எடுத்தேன். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்களும் அதே யூடிஎம் கட்டத்தில்தான் வருகின்றன. அதனால் என் சதுரத்துக்குள் 10 மீட்டர் பிக்ஸல்கள் நீளவாக்கில் நூறு, அகலவாக்கில் நூறு எனத் துல்லியமாக உட்கார்ந்தன. ஓரத்தில் அரை பிக்ஸல், கால் பிக்ஸல் என்ற தொல்லை ஆறு வருஷமும் இல்லை.

தவறு என்னவென்றால், எனக்குப் பிடித்த இடத்தையே எடுத்தேன். பிரிட்டனில் 1978 முதல் நடக்கும் கிராமப்புற நில ஆய்வில் கட்டங்களை அப்படி எடுப்பதில்லை. நாட்டை நில வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் குலுக்கல் முறையில் ஒரு கிலோமீட்டர் கட்டங்களை எடுக்கிறார்கள். முதல் முறை 256 கட்டங்கள், 2007-இல் 591. எந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்பதை வெளியே சொல்வதும் இல்லை. தெரிந்துவிட்டால் அந்த நிலத்தை நடத்தும் விதமே மாறிவிடலாம் என்பதால். என் ஒரே கட்டத்தை வைத்து சுற்றுவட்டாரத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இந்த நூறு ஹெக்டேரைப் பற்றி மட்டும்தான் பேசலாம்.

அடுத்தது வகை பிரிப்பது. ஆசையில் 14 வகை வைத்தேன். புது தரிசு, பழைய தரிசு, மேய்ச்சல் புல், மேயாத புல், சிறு புதர், அடர் புதர் என்று போனது அந்தப் பட்டியல். நின்று பார்க்கும்போது எல்லாமே தெளிவாகத்தான் தெரிந்தது. எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்பதற்கு விதியை மட்டும் எழுதி வைக்கவில்லை. பிறகு பட்ட பாட்டில் பாதி இதனால்தான்.

படம் பிடிக்கும் புள்ளிகள் 24 வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒன்றரை மீட்டர் உயரக் கழி ஒன்றை நிறுத்தி, அதன் தலையில் செல்போனை வைத்து, திசைகாட்டியில் கோணம் பார்த்து ஒரு படம். கழி நின்ற இடத்தில் ஒரு மர முளையை அடித்துவிட்டு வந்தேன். கூடவே ஐந்து இடங்களில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் கட்டி, உள்ளே இருக்கும் செடி வகைகளை எண்ணினேன். சதுரம் கோணலாகாமல் இருக்க மூலைவிட்டம் 14.14 மீட்டர் வருகிறதா என்று டேப்பில் சரிபார்த்தால் போதும். அந்த நீளத்துக்கு ஒரு கயிற்றை முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். கருவிகள் என்று பார்த்தால் இவ்வளவுதான்: 50 மீட்டர் டேப், கயிறு, கழி, திசைகாட்டி, செல்போன், மழையில் நனையாத நோட்டு.

அலுவலகக் கணினியில் உட்கார்ந்து அதே சமயத்து சென்டினல் படத்தை இறக்கி, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வகை பிரித்து முதல் வரைபடத்தை முடித்தேன். அழகாகத்தான் இருந்தது.

இரண்டாம் சுற்று, 2022: தவறுகள் வரிசையாக

2022-க்கு முன்பே, இடையில் ஒரு குறுக்கு வழியை முயன்றேன். ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்ட்கவர் என்ற உலக நிலப்போர்வை வரைபடம் 2020-க்கு ஒன்றும் 2021-க்கு ஒன்றும் 10 மீட்டர் அளவில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கழித்தால் மாற்றம் வந்துவிடுமே என்று நினைத்தேன். வந்தது. ஒரே வருஷத்தில் என் கட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வகை மாறியதாகக் காட்டியது. இரண்டு வார இறுதிகளை அந்த இடங்களுக்கு நடந்தே செலவழித்தேன். போன இடமெல்லாம் பழைய கோலத்திலேயே இருந்தது. பிறகுதான் வரைபடத்தோடு வந்த குறிப்பைப் படித்தேன். 2020 பதிப்பும் 2021 பதிப்பும் வேறு வேறு கணிப்பு முறையில் செய்யப்பட்டவை, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் முறை மாறியதன் பங்கும் உண்டு என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒட்டுமொத்தத் துல்லியமும் ஒன்றுக்கு 74.4 விழுக்காடு, மற்றொன்றுக்கு 76.7. நூறு இடத்தில் இருபத்தைந்து இடம் பிசகக்கூடிய இரண்டு வரைபடங்களைக் கழித்தால் பிசகுகள்தான் மிஞ்சும். ஒரு பகுதியில் எந்த வகை நிலம் அதிகம் என்று பார்ப்பதற்கு அது அருமையான வரைபடம். நான் அதை வேறு வேலைக்கு எடுத்தேன்.

சரி, சொந்தமாகவே செய்வோம் என்று 2022 படத்தை இறக்கினேன். தாவரப் பசுமையை அளக்க என்டிவிஐ என்ற குறியீட்டைப் பயன்படுத்துவது வழக்கம். படத்தின் ஒவ்வொரு பிக்ஸலிலும் எந்த ஒளி எவ்வளவு திரும்பி வந்தது என்பது எண்ணாக இருக்கும்; அதில் அண்மை அகச்சிவப்பு (கண்ணுக்குத் தெரியாத ஒளி) எண்ணிலிருந்து சிவப்பு எண்ணைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பச்சை அதிகமானால் ஒன்றை நோக்கி ஏறும். 2019-இல் என் கட்டத்தின் சராசரி 0.52. 2022-இல் 0.36.

அந்த எண்ணைப் பார்த்த ராத்திரி தூக்கமே வரவில்லை. மொத்த நிலமும் காய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். காரணம் தேடி ஏழு வாரம் அலைந்தேன். கிணற்று நீர்மட்டம் கேட்டேன், மழைக் கணக்கு பார்த்தேன், இரண்டு பேரிடம் இப்படி ஆகிவிட்டது என்று சொல்லியும் விட்டேன். மழையோ அந்த வருஷம் குறையவில்லை. ஓடையோர மரங்கள் 2019-இல் இருந்த அதே பச்சையில் நின்றன. ஆனாலும் படத்தில் அவையும் வாடியிருந்தன.

குளம்தான் முடிச்சை அவிழ்த்தது. தண்ணீருக்கு என்டிவிஐ பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். 2019-இல் குளத்தின் நடுவே -0.25. 2022-இல் -0.07. செடிகளின் எண் இறங்கியிருக்கிறது, தண்ணீரின் எண் ஏறியிருக்கிறது. எல்லாமே பூஜ்யத்தை நோக்கி நகர்ந்திருந்தன. வறட்சி அப்படிச் செய்யாது. கோப்புக்குள் என்னவோ நடந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

நடந்தது இதுதான். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களைத் தயாரிக்கும் முறையில் ஒரு மாற்றம் வந்தது. ஒவ்வொரு பிக்ஸலின் எண்ணோடும் 1000 கூட்டிச் சேமிக்கத் தொடங்கினார்கள். மிக இருண்ட இடங்களில் எண் பூஜ்யத்துக்குக் கீழே போய்த் தகவல் அறுபட்டுப் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. பயன்படுத்துபவர் 1000-ஐக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். நான் கழிக்கவில்லை. ஒரு மரப் பிக்ஸலை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு 800, அகச்சிவப்பு 3200. வித்தியாசம் 2400, கூட்டுத்தொகை 4000, குறியீடு 0.60. இரண்டிலும் ஆயிரம் கூடியிருந்தால் 1800, 4200. வித்தியாசம் அதே 2400தான். கூட்டுத்தொகை மட்டும் 6000 ஆகிவிடுகிறது. குறியீடு 0.40. மரத்தில் ஒரு இலைகூட உதிரவில்லை. குளத்துக்கும் அதே கணக்கைப் போட்டேன். 500, 300 என்ற எண்கள் 1500, 1300 ஆனால் -0.25 என்பது -0.07 ஆகிறது. கச்சிதமாகப் பொருந்தியது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி கோப்பின் பெயரிலேயே இருக்கிறது. பெயருக்கு நடுவில் N என்ற ஆங்கில எழுத்தும் அதையடுத்து நான்கு இலக்கமும் வரும். அது 0400 அல்லது அதற்கு மேல் என்றால் ஆயிரத்தைக் கழிக்க வேண்டும். படம் எடுத்த தேதியை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. பழைய வருஷத்துப் படங்களையும் புதிய முறையில் மறுபடி தயாரித்து வெளியிடுகிறார்கள். 2019 படத்தை இன்று புதிதாக இறக்கினால் அதிலும் ஆயிரம் கூடியிருக்கலாம். இணையத்திலேயே செயற்கைக்கோள் படங்களை அலசும் கூகுள் எர்த் எஞ்சினில் வேலை செய்பவர்கள் 'ஹார்மனைஸ்டு' என்ற பெயரில் வரும் தொகுப்பை எடுத்தால் இந்தக் கழித்தலை அதுவே செய்துவிடும். நான் முன்பு சொன்ன இரண்டு பேரிடமும் திரும்பப் போய், நான் சொன்னது தவறு, நிலம் காயவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆயிரத்தைக் கழித்த பிறகும் சராசரி 0.48-ஐத் தாண்டவில்லை. புல்தரைகளில்தான் குறைவு. இது இன்னொரு தவறு. 2019 படம் மழை ஓய்ந்த ஐந்தாவது வாரத்தில் எடுத்தது. 2022 படம் ஒன்பதாவது வாரத்தில். தேதியை ஒன்றாக வைத்திருந்தேன், ஆனால் 2022-இல் மழை முன்கூட்டியே ஓய்ந்துவிட்டது. ஒரு பருவப் புல் நான்கு வாரத்தில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். அதிலிருந்து நாள்காட்டியை விட்டுவிட்டேன். கடைசி நல்ல மழையிலிருந்து ஐந்து, ஆறு வாரத்துக்குள் மேகமில்லாத படம் எது என்றுதான் பார்க்கிறேன். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை வருவதால் அந்த இரண்டு வாரத்துக்குள் ஒன்றாவது கிடைத்துவிடுகிறது.

இதே சமயம் லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்களை வைத்து 1988 வரை பின்னால் போகவும் ஆசைப்பட்டேன். லேண்ட்சாட்-5 படங்களில் நான்காவது அலைவரிசை அகச்சிவப்பு. லேண்ட்சாட்-8 படங்களில் நான்காவது அலைவரிசை சிவப்பு. எண்ணை மட்டும் பார்த்து ஒரே சூத்திரத்தை இரண்டுக்கும் போட்டு ஒரு நாளை வீணாக்கினேன். அதைத் திருத்திய பின்னும், 30 மீட்டர் பிக்ஸலில் என் கட்டம் முழுக்க ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள்தான். குளத்தின் பரப்பையும் பெரிய புதர்த் திட்டுகளையும் பார்க்கலாம். வரப்போரத்து வாழ்வைப் பார்க்க முடியாது. அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டேன்.

களத்திலும் அடி விழுந்தது. 24 மர முளைகளில் 9 காணவில்லை. சிலவற்றைக் கரையான் தின்றிருந்தது, சில உழவில் போயிருந்தன, சிலவற்றை யாரோ அடுப்புக்கு எடுத்துப் போயிருக்கலாம். செல்போன் ஜிபிஎஸ் திறந்தவெளியில் நாலைந்து மீட்டருக்குள் காட்டும், மரத்தடியில் பத்து மீட்டர் கூடத் தள்ளும். பத்து மீட்டர் சதுரத்துக்கு அந்தத் துல்லியம் போதாது. ஐந்து சதுரங்களில் இரண்டை இழந்தேன். செடிகள் மாறியிருக்கின்றனவா, நான் வேறு இடத்தில் சதுரம் கட்டினேனா என்று சொல்ல வழியில்லை. அந்த இரண்டையும் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டேன். எனக்கு இன்னும் வருத்தம் தருவது அதுதான். படத்தை மறுபடி இறக்கிக்கொள்ளலாம், 2019-இல் அந்தச் சதுரத்தில் இருந்த செடிகளை மறுபடி எண்ண முடியாது.

2023: ஒரே நாளில் இரண்டு பேர்

இவ்வளவு திருத்தியும் ஒரு சந்தேகம் விடவில்லை. குலுக்கலில் எடுத்த 100 புள்ளிகளில் 2019-க்கும் 2022-க்கும் நடுவே 14 புள்ளிகள் வகை மாறியிருந்தன. இது நிலம் மாறியதா, நான் மாறியதா?

நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டேன். ஒரே நாள் காலையில் ஆளுக்கொரு திசையில் கிளம்பி, அதே 100 புள்ளிகளுக்குப் போய், பேசிக்கொள்ளாமல் எழுதினோம். மாலையில் மரத்தடியில் உட்கார்ந்து ஒப்பிட்டோம். 19 புள்ளிகளில் ஒத்துப்போகவில்லை.

ஒரே நாள், ஒரே நிலம், 19 வேறுபாடு. மூன்று வருஷத்து மாற்றம் என்று நான் பிடித்து வைத்திருந்தது 14. அன்று அந்த மரத்தடியிலேயே முந்தைய முடிவு முழுவதையும் கீழே போட்டேன்.

நல்லவேளையாக, அந்த 19-ஐயும் உடனே பிரித்துப் பார்த்தோம். 11 புள்ளிகளில் நான் தரிசு என்றதை அவர் புல்தரை என்றிருந்தார். 5 புள்ளிகளில் புதரா புல்லா என்ற குழப்பம். 3 புள்ளிகளில் இருவரும் நின்ற இடமே வேறு. ஒரு புள்ளிக்குத் திரும்பப் போய் இருவரும் சேர்ந்து நின்றோம். முழங்கால் உயரம் அறுகும் வேறு சில புல்லும், நடுநடுவே எருக்கு, அடியில் பழைய உழவுச் சால் மங்கலாகத் தெரிந்தது. எனக்குச் சால் கண்ணில் பட்டதால் தரிசு. அவருக்குப் புல் கண்ணில் பட்டதால் புல்தரை. இரண்டுமே சரி. விதி இல்லாததுதான் தவறு.

அங்கேயே விதிகளை எழுதினோம். உழவுச் சாலைக் கையால் தடவி உணர முடிந்தால் தரிசு, முடியாவிட்டால் புல்தரை. அரை மீட்டர் முதல் ஐந்து மீட்டர் வரை உயரமுள்ள கட்டைச் செடிகள் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைத்தால் புதர். ஐந்து மீட்டருக்கு மேல் மரம். 400 சதுர மீட்டருக்குக் குறைந்த திட்டைத் தனியாக எழுதுவதில்லை, சுற்றியிருப்பதோடு சேர்த்துவிடுவது. 14 வகையை 8 ஆக்கினோம். உயிர்வேலிக்குத் தனி விதி: அகலம் ஐந்து மீட்டருக்குள், நீளம் குறைந்தது இருபது மீட்டர், நடுவே இருபது மீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்தால் அது இரண்டு வேலி. இரண்டு வாரம் கழித்துப் புதிய 100 புள்ளிகளில் மறுபடி சோதித்தோம். வேறுபாடு 7-க்கு இறங்கியது. அதற்குக் கீழே கொண்டுவர முடியவில்லை, ஆனால் 7 என்று தெரிந்துகொண்டதே பெரிய பலம்.

2019 படங்களும் புகைப்படங்களும் மூலக் கோப்பாகவே இருந்ததால், புதிய விதிப்படி 2019 வரைபடத்தையும் 2022 வரைபடத்தையும் முதலிலிருந்து போட முடிந்தது. வகை பிரித்த வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்திருந்தால் வேலை அங்கேயே நின்றிருக்கும்.

மூன்றாம் சுற்று, 2025

மர முளைகளுக்குப் பதிலாக, 2023-லேயே 10 சென்டிமீட்டர் சதுர இரும்புத் தகடுகளை 20 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்திருந்தோம். உழுகிற நிலத்துக்குள் அல்ல, வரப்போரத்தில், நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு. ஒவ்வொரு தகட்டுக்கும் நகராத இரண்டு பொருள்களிலிருந்து தூரத்தை டேப்பால் அளந்து எழுதியிருந்தோம். கிணற்று மூலை, மதகுக் கல், பாலத்துச் சுவர் என்று. 2025-இல் இரண்டு டேப்பை இரண்டு பக்கமிருந்தும் இழுத்து, சந்திக்கிற இடத்தில் மெல்லிய கம்பியால் குத்தினால் டக்கென்று சத்தம் கேட்கும். 24 புள்ளிகளில் 23 கிடைத்தன. ஒரு புள்ளிக்குச் சராசரி ஆறு நிமிஷம்.

பழைய படத்தோடு புதிய படத்தைப் பொருத்துவதற்கும் ஒரு பழக்கம் கைவந்தது. பழைய படத்தைத் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். படத்தில் அருகில் நிற்கும் ஒரு பொருளையும் தூரத்தில் தெரியும் ஒரு பொருளையும் பிடித்துக்கொள்ள வேண்டும். புள்ளி 17-இல் அருகே ஒரு குத்துக்கல், தூரத்தில் குன்றின் சரிவில் ஒரு வெட்டு. பழைய படத்தில் கல்லின் இடது ஓரத்துக்கும் வெட்டுக்கும் இடையே ஒரு விரல் அகலம். இடவலமாக நகர்ந்து அந்த விரல் அகலம் வரும்வரை பார்த்தால் ஒரு கைச்சாண் துல்லியத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடலாம். ஜூம் தொடவே கூடாது. வெயில் ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்பதால், பழைய படம் எடுத்த மணியையும் அச்சில் எழுதி வைத்திருந்தேன்.

உயிர்வேலியை 10 மீட்டர் பிக்ஸலில் பார்க்க முடியாது. இரண்டு மீட்டர் அகல வேலி பக்கத்து வயலோடு கலந்துவிடும். அதனால் கூகுள் எர்த்தில் கிடைக்கும் பழைய தேதியிட்ட தெளிவான படங்களின் மேல் கோடு வரைந்தேன். இங்கேயும் ஒரு பள்ளம். இரண்டு வருஷத்துப் படங்களுக்கிடையே எல்லாமே 8 மீட்டர் கிழக்கே தள்ளியிருந்தது. கவனிக்காமல் கழித்திருந்தால் ஒவ்வொரு வேலியும் இடம் மாறியதாக வந்திருக்கும். பாலத்துச் சுவரின் மூலையை இரண்டு படத்திலும் ஒன்றாக வைத்துச் சரிசெய்தேன். ஒரே படத்தில் வேலிகளை இரண்டு முறை வரைந்து பார்த்ததில் மொத்த நீளம் 90 மீட்டர் வேறுபட்டது. ஆகவே அதற்குக் குறைந்த எதையும் மாற்றம் என்று சொல்வதில்லை. 2019-இல் 6,840 மீட்டர், 2025-இல் 6,080. போனது 900, புதிதாக வந்தது 140. போன 900-ஐயும் நடந்து பார்த்து உறுதிசெய்தோம். பெரும்பாலும் இரண்டு வயலை ஒன்றாக்கிய இடங்கள்.

புல்தரைக் கணக்கு இப்படி வந்தது. 2019, 2025 வரைபடங்களைக் கழித்தபோது 11 ஹெக்டேர் புல்தரை போனதாகக் காட்டியது. முன்பென்றால் அதையே எழுதியிருப்பேன். இந்த முறை அந்த 11 ஹெக்டேருக்குள் 60 புள்ளிகளைக் குலுக்கலில் எடுத்து, பழைய தெளிவான படத்தையும் தரையையும் சேர்த்துப் பார்த்தோம். உண்மையில் மாறியது 31. மற்றவை வயலோரத்தில் ஒரு பிக்ஸல் அகலத்துக்கு ஓடும் போலி மாற்றங்கள். அப்படியானால் 5.7 ஹெக்டேர். மாறவில்லை என்று காட்டிய 89 ஹெக்டேரிலும் 100 புள்ளிகள் பார்த்தோம். ஒன்று மாறியிருந்தது. அதற்கு 0.9 ஹெக்டேர். மொத்தம் 6.6. மாறாத பகுதியில் கிடைத்தது ஒரே புள்ளி என்பதால் அந்தக் கடைசி எண் கொஞ்சம் ஆட்டம் கொடுக்கும். அதனால்தான் முதலிலேயே ஏறத்தாழ ஆறரை என்று சொன்னேன்.

செயற்கைக்கோளுக்குத் தெரியாமலே போன மாற்றம் ஒன்றும் உண்டு. தகடு புதைத்துக் காப்பாற்றிய மூன்று சதுரங்களில் ஒன்று ஓடைக்கு மேலே உள்ள புல்தரை. மூன்று வரைபடத்திலும் அது புல்தரைதான், பச்சையும் குறையவில்லை. 2019-இல் அதற்குள் 23 வகைச் செடிகள். 2025-இல் 14. 2021-க்குப் பிறகு அங்கே மாடு மேய வருவதில்லை என்று நிலத்துக்காரர் சொன்னார். உயரப் புல் ஒன்று அடர்ந்து நின்று, தரையோடு படரும் சிறு செடிகளுக்கு வெயில் விடாமல் மூடியிருக்கிறது. முன்பு மண்டியிட்டு உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே சிறு நீலப் பூக்களும் அதில் மொய்க்கும் பூச்சிகளும் இருக்கும். இந்த முறை புல்லை இரண்டு கையாலும் விலக்கினால் அடியில் ஈரமான பழைய புல் தாள்கள்தான். வரைபடத்தில் இதற்கு நிறம் இல்லை. வாழிடத்தைக் கண்காணிக்கிறோம் என்று சொல்ல வேண்டுமானால் மண்டியிட்டு எண்ணாமல் முடியாது என்று நான் திடமாக நம்புவது இந்தச் சதுரத்தால்தான்.

உழைப்புக் கணக்கு: மூன்றாம் சுற்றில் இரண்டு பேருக்கு ஒன்பது நாள் களவேலை, கணினியில் 35 மணி நேரம். இரண்டாம் சுற்றில் கணினியில் மட்டும் 160 மணிக்கு மேல் போனது. மூலப் படங்களும் புகைப்படங்களும் சேர்ந்து 40 ஜிபியைத் தாண்டவில்லை. அவற்றை இரண்டு வெவ்வேறு இடத்தில் வைத்திருக்கிறேன்.

மறுபடி முதலிலிருந்து தொடங்குவதாக இருந்தால், ஒரு பெரிய கட்டத்தை விட்டுவிட்டு, கால் கிலோமீட்டர் பக்கமுள்ள சிறு கட்டங்களைக் குலுக்கலில் பதினைந்து எடுப்பேன். தகடுகளை முதல் நாளே புதைப்பேன். எந்த வரைபடத்தையும் போடும் முன்பு, இன்னொருவரோடு ஒரே நாள் சோதனையைச் செய்து, எங்கள் வேறுபாடு எவ்வளவு என்ற எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுவேன். சதுரங்களை ஐந்திலிருந்து பன்னிரண்டாக்குவேன். செடி எண்ணிக்கையோடு பூச்சிகளையும் எண்ணியிருக்க வேண்டும். இப்போது எண்ணத் தொடங்கினால் ஒப்பிட 2019 இல்லை.

புள்ளி 17-இன் மூன்று படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முதலாவதில் குத்துக்கல்லுக்குப் பின்னால் வேலி முழுசாக ஓடுகிறது. இரண்டாவதில் நடுவே ஒரு டிராக்டர் புகும் அளவுக்கு இடைவெளி. மூன்றாவதில் கல் மட்டும் நிற்கிறது. அந்தப் படத்தை எடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் ஓடையின் மறுகரையில், யாரும் நடாமல் தானாக முளைத்து இடுப்புயரம் வந்திருந்த அந்த 140 மீட்டர் வரிசையைப் பார்த்தோம். அதன் தொடக்கத்தில் ஒரு தகடு புதைத்து, மதகுக் கல்லிலிருந்து 31.4 மீட்டர், பாலத்துச் சுவரிலிருந்து 18.7 மீட்டர் என்று எழுதி, புள்ளி 25 என்று எண் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். அடுத்த படம் 2028-இல்.